நிலப்படத்தில் நமது தோட்டம்

கோலசிலாங்கூர் வட்டாரத்தின் நிலப்படத்தை இன்று எவரும் தம் கைப்பேசியிலேயே விரித்துப் பார்க்கலாம். சிலாங்கூர் ஆறு வளைந்து வளைந்து கடலை அடைவதும், புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா முதலிய ஊர்களும், வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான் வழியாகப் பரந்து கிடக்கும் நெல்வயல்களும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால், ஊருக்கும் ஊருக்கும் இடையே உள்ள பசுமைப் பரப்பை நெருங்கிப் பார்த்தால் பல இடங்களில் வெறும் பச்சை நிறத்தையே காண்கிறோம். நம் தோட்டங்கள் இருப்பது அந்தப் பச்சை நிறத்துக்குள்ளேதான். இரண்டாம் பிரிவின் லயம் எங்கே, மாரியம்மன் கோயில் எங்கே, இடுகாடு எங்கே, பழைய ஆயாக் கொட்டகை எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டால் பல வேளைகளில் அப்படத்திடம் விடை இல்லை.

இக்குறைக்காகப் படம் வரைந்தவர்களை நொந்து பயனில்லை. அவர்களிடம் இருந்த விவரம் படத்தில் ஏறிற்று. இல்லாத விவரம் ஏறவில்லை. அந்த விவரமோ நெடுநாள் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர்களின் நினைவிலும், பழைய கிராணிமாரின் குறிப்பேடுகளிலும், ஆலய நிர்வாகக் குழுவின் பெட்டியிலும் இருக்கிறது. பெரியவர் ஒருவர் மறையும்போதும், தோட்டத்தின் ஒரு பிரிவு வீடமைப்புப் பகுதியாகவோ தொழிற்பேட்டையாகவோ மாறும்போதும் அதில் ஒரு பகுதி நம் கையை விட்டுப் போய்விடுகிறது.

நம்மிடமுள்ள விவரங்களை நாமே கணினி நிலப்படத்தில் ஏற்றுவதற்கு இன்று எளிய வழி உண்டு. அதற்குப் பெரும் செலவோ உயர்ந்த பட்டமோ தேவையில்லை. ஆயினும், ஒன்றை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நிலப்பட மென்பொருள் நாம் கொடுப்பதை அப்படியே நம்பும் இயல்புடையது. கோயிலைக் கடலில் வைக்கச் சொன்னாலும் அது மறுக்காமல் வைத்துவிடும். ஆகவே, எந்த இடம், எந்த அளவைமுறை, என்ன பெயர் என்னும் மூன்று கேள்விகளுக்கும் பிழையற்ற விடையோடு நாம் கணினியின் முன் அமர வேண்டும். அம்மூன்றையும் அவை ஏற்றப்படும் முறையையும் இக்கட்டுரையில் காண்போம்.

அடுக்கடுக்காய் ஒரு படம்

ஜி.ஐ.எஸ். எனச் சுருக்கமாகக் கூறப்படும் புவியியல் தகவல் முறையைப் புரிந்துகொள்ள, பள்ளியில் நாம் பயன்படுத்திய ஒளி ஊடுருவும் தாள்களை நினைத்துப் பார்த்தால் போதும். ஒரு தாளில் ஆறுகளையும் வாய்க்கால்களையும் வரைகிறோம். மற்றொரு தாளில் சாலைகளை வரைகிறோம். மூன்றாவது தாளில் கோயில், பள்ளி, மருந்தகம் ஆகியவற்றைப் புள்ளிகளாகக் குறிக்கிறோம். பிறகு ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது முழுப் படமும் கிடைக்கிறது. வேண்டாத தாளை எடுத்துவிடலாம். புதிய தாளைச் சேர்க்கலாம். மென்பொருளில் இத்தாள்களுக்கு அடுக்குகள் என்று பெயர். நம் விவரங்களை ஏற்றுவது என்பது நம்முடைய தாள் ஒன்றை அந்த அடுக்குகளோடு சேர்த்து வைப்பதாகும்.

இதற்கெனப் பல மென்பொருள்கள் உள்ளன. அவற்றுள் கியூ.ஜி.ஐ.எஸ். என்பது விலையின்றிக் கிடைப்பது. 2002-ஆம் ஆண்டில் அலாஸ்காவைச் சேர்ந்த கேரி ஷெர்மன் என்பவர் இதனைத் தொடங்கினார். இன்று பல நாட்டுத் தொண்டர்கள் இதனை வளர்த்து வருகின்றனர். வீட்டில் உள்ள சாதாரணக் கணினியிலேயே இது இயங்கும். அடியில் விரிப்பதற்கு வேண்டிய பொதுப்படமாக, 2004-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் உலகப்படத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இடத்தோடு சேர்த்துப் பார்த்ததன் பயன்

விவரத்தைப் பட்டியலாக வைத்திருந்தால் போதாதா, படத்தில் எதற்கு ஏற்ற வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். இதற்கு நம் சிலாங்கூர் மாநிலத் தோட்டங்களின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

1901-ஆம் ஆண்டில் டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பணியைத் தொடங்கினார். மலேரியாக் காய்ச்சல் தோட்டத் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாகப் பலிகொண்ட காலம் அது. கொசுவே காய்ச்சலைப் பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. வாட்சன் தோட்டம் தோட்டமாகச் சென்று, பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டு, நூற்றுக்கு எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று கணக்கெடுத்தார். அப்பிள்ளைகளில் பெரும்பாலோர் நம் முன்னோர்களே.

எண்ணிக்கையோடு அவர் நிற்கவில்லை. லயம் எத்தகைய நிலத்தில் உள்ளது, காட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதையும் சேர்த்துப் பார்த்தார். கடலோரச் சமநிலத்தில், காட்டை ஒட்டிய லயங்களில் நோய் மிகுதியாகவும், காட்டைவிட்டு விலகிய லயங்களில் குறைவாகவும் இருந்தன. காட்டை வெட்டி வாய்க்கால் எடுத்தபோது அங்கே நோய் தணிந்தது. குன்றுப் பகுதிகளிலோ அதே சிகிச்சை பலிக்கவில்லை. காட்டை வெட்டிய பின்னரும் காய்ச்சல் வாட்டியது. காரணம், சமநிலத்துக் கொசு நிழலிலே தேங்கிய நீரில் முட்டையிடும் இனம். குன்றுப் பகுதிக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடைகளை விரும்பும் இனம். மரங்களை வெட்டி வெயிலை உள்ளே விட்டது இரண்டாவது இனத்துக்குச் சாதகமாயிற்று. அதனால் அங்கே ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் வழியாகக் கொண்டுசெல்லவும், எண்ணெய் தெளிக்கவும் வேண்டியிருந்தது. தம் அனுபவங்களை அவர் 1911-ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்டார்.

எல்லாத் தோட்டங்களையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்திருந்தால் இவ்வுண்மை வெளிப்பட்டிராது. நோயின் எண்ணிக்கையை இடத்தோடு சேர்த்துப் பார்த்ததே லயம் கட்டுவதற்கு ஏற்ற நிலத்தைத் தேர்ந்தெடுக்க உதவியது, உயிர்களையும் காத்தது. வாட்சன் தாளிலும் மனக்கணக்கிலும் செய்ததை நாம் இன்று கணினியில் செய்கிறோம்.

முதல் வேலை: பட்டியல்

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வரியில் ஓர் இடம் மட்டுமே இருக்க வேண்டும். பத்திகள் பின்வருமாறு அமையலாம்: வரிசை எண், தமிழ்ப் பெயர், மலாய்ப் பெயர், வகை, அட்சரேகை, தீர்க்கரேகை, பார்த்த நாள், குறிப்பு. வகை என்ற பத்தியில் கோயில், இடுகாடு, பள்ளி, லயம், பாலம், கிணறு என்று முன்னரே முடிவு செய்த சொற்களை மட்டுமே எழுத வேண்டும். ஒருவர் இடுகாடு என்றும், மற்றொருவர் மயானம் என்றும் எழுதினால் கணினி அவற்றை இரு வேறு வகைகளாகவே கொள்ளும்.

அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கைப்பேசியே காட்டும். திறந்த வெளியில் நின்றால் நல்ல கைப்பேசி ஏறக்குறைய 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். செம்பனை ஓலைகளின் கீழே நின்றால் பிழை கூடும். ஆகவே, வானம் தெரியும் இடத்தில் ஓரிரு நிமிடம் நின்று, மூன்று நான்கு முறை எண்களைப் பார்த்துச் சராசரி எடுத்துக்கொள்வது நன்று.

எண்களைத் தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இடங்கள் வரை எழுத வேண்டும். ஒரு பாகை என்பது நிலத்தில் சுமார் 111 கிலோமீட்டர். ஆகவே, தசமப் புள்ளிக்குப் பின் இரண்டே இடங்களோடு நிறுத்தினால் அந்த எண் ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று பொருள். ஐந்து இடங்கள் எழுதினால் அது ஒரு மீட்டர் அளவுக்கு வந்துவிடும்.

பழைய ஆவணங்களில் பாகை, கலை, விகலை என்று பிரித்து எழுதியிருப்பார்கள். 3 பாகை 20 கலை 24 விகலை என்பதை 3.2024 என்று எழுதிவிடுவது பலரும் செய்யும் பிழை. ஒரு பாகைக்கு 60 கலை; ஒரு கலைக்கு 60 விகலை. எனவே, 20-ஐ 60-ஆலும், 24-ஐ 3600-ஆலும் வகுத்துக் கூட்ட வேண்டும். சரியான விடை 3.34 ஆகும். தவறாக எழுதினால் அந்த இடம் தெற்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர் விலகிப்போகும்.

எந்த எண் முன்னே?

கோலசிலாங்கூர் நகரம் அட்சரேகை 3.34, தீர்க்கரேகை 101.25 என்னும் அளவில் அமைந்திருக்கிறது. வழக்கில் நாம் அட்சரேகையை முதலில் சொல்கிறோம். ஆனால், பெரும்பாலான நிலப்பட மென்பொருள்கள் எக்ஸ், ஒய் என்ற கணித வரிசையில் கேட்கும். எக்ஸ் என்பது கிழக்கு மேற்காகச் செல்லும் அளவு, அது தீர்க்கரேகை. ஒய் என்பது வடக்கு தெற்காகச் செல்லும் அளவு, அது அட்சரேகை. இவ்விரண்டும் இடம் மாறிப்போவதே புதியவர்கள் செய்யும் முதல் பிழை.

இவ்விஷயத்தில் மலேசியர்களாகிய நமக்கு ஓர் அனுகூலம் உண்டு. அட்சரேகை 90-க்கு மேல் போகவே முடியாது. நம் நாட்டின் தீர்க்கரேகையோ 99-க்கும் மேற்பட்டது. ஆகவே, எண்கள் மாறினால் உலகில் இல்லாத ஓர் இடம் உண்டாகிப் பிழை உடனே வெளிப்பட்டுவிடும். சென்னையில் உள்ளவர்களுக்கு அந்த வசதி இல்லை. சென்னையின் அளவு 13.08, 80.27. அவற்றை மாற்றிப் போட்டால் வடதுருவத்தை அடுத்த உறைகடலில் ஓர் உண்மையான இடம் கிடைத்துவிடும். கணினியும் அதனை ஏற்றுக்கொள்ளும்.

எந்த அளவைமுறை?

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். அதிகத் தொல்லை தருவது இதுவே.

பூமி சரியான உருண்டையன்று; துருவங்களில் சற்றே தட்டையானது. அதன் உருவத்தை எவ்வளவு என்று கொள்வது, எந்த இடத்திலிருந்து அளக்கத் தொடங்குவது என்பவற்றைப் பொறுத்து ஒரே இடத்துக்கு வெவ்வேறு எண்கள் வரும். இதில் நம் மொழி வழங்கும் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் ஒரு நேர்க்கோட்டை அளந்து இந்தியாவின் பெரும் நில அளவையைத் தொடங்கினார். அவருக்குப் பின் அப்பணியைத் தொடர்ந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-இல் பூமியின் உருவத்தைக் கணக்கிட்டார். அந்தக் கணக்கே சிறிது திருத்தப்பட்டு மலாயாவின் நிலப்படங்களுக்கும் அடிப்படையாயிற்று. பகாங் மாநிலத்துக் கெர்த்தாவ் என்னும் இடத்தைத் தொடக்கமாகக் கொண்டதால் அம்முறைக்குக் கெர்த்தாவ் 1948 என்று பெயர்.

இன்றைய கைப்பேசியோ செயற்கைக்கோள்களைக் கொண்டு அளக்கிறது. அது பின்பற்றுவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் உலக முறை. நம் நாட்டின் நில அளவை, படமாக்கல் துறையும் செயற்கைக்கோள் அளவையை அடிப்படையாகக் கொண்ட ஜி.டி.எம். 2000 என்னும் புதிய முறையை 2003-ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியது. தோட்ட வேலைக்கு இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. ஆனால், பழைய கெர்த்தாவ் எண்களைப் புதிய எண்களாகக் கருதி ஏற்றினால் நம் வட்டாரத்தில் நூறு மீட்டருக்கும் மேல் விலகல் உண்டாகும். நூறு மீட்டர் என்பது சிறு தொலைவன்று. எல்லை வாய்க்காலுக்கு இப்புறம் இருக்கும் கோயில் படத்தில் அப்புறம் போய், வேறொருவர் நிலத்தில் நிற்பதாகத் தோன்றும். பிறகு அப்படத்தை எந்த அலுவலகத்திலும் நம்பிக் காட்ட இயலாது.

இந்த முறைகளை மென்பொருள் அடையாளம் கண்டுகொள்ள ஒவ்வொன்றுக்கும் ஓர் இ.பி.எஸ்.ஜி. எண் உண்டு. கைப்பேசியில் எடுத்த பாகை எண்களுக்கு 4326. தீபகற்ப மலேசியாவுக்குரிய மீட்டர் கட்டத்தில், ஜி.டி.எம். 2000 முறைக்கு 3375. பழைய கெர்த்தாவ் முறைக்கு 3168. மீட்டர் கட்டத்தில் உள்ள எண்கள் நம் வட்டாரத்தில் ஆறு இலக்கங்களாக இருக்கும். ஆகவே, 3.34 போன்ற சிறிய எண்ணையும் ஆறு இலக்க எண்ணையும் பார்த்த மாத்திரத்தில் வேறுபடுத்திவிடலாம். இவை தவிர, நில அளவைப் படங்களில் சிலாங்கூருக்கெனத் தனிக் கட்டமுறையும் வழங்கி வந்திருக்கிறது. படத்தின் ஓரத்தில் அச்சிட்டுள்ள குறிப்பைப் படித்த பின்னரே எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முறையின் பெயரை மாற்றுவது வேறு; எண்களையே மாற்றிக் கணக்கிடுவது வேறு. பால் நிறுக்கும் இடத்தில் 100 ராத்தல் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு 100 கிலோ என்று எழுதினால் பால் கூடிவிடுமா? 100 ராத்தல் என்பது சுமார் 45 கிலோ என்று கணக்கிட்டு எழுதுவதே முறை. அதுபோல, கெர்த்தாவ் முறையில் உள்ள அடுக்குக்கு 3168 என்று உள்ளதை உள்ளவாறே அறிவித்துவிட்டு, பிறகு வேண்டிய முறைக்கு மாற்றிச் சேமிக்கும்படி மென்பொருளிடம் கேட்க வேண்டும். சீட்டை மட்டும் மாற்றி ஒட்டினால் இடம் பிழைபடும்.

என்ன பெயர்?

பெஸ்தாரி ஜெயாவை அடுத்த தென்னமரம் தோட்டத்தை வாசகர்கள் அறிவர். மலேசியாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்டது அங்கேதான். ஆண்டு 1917; பயிரிட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். செம்பனையின் பிறப்பிடத்துக்குத் தென்னையின் பெயர்! அத்தோட்டம் இருக்கும் ஊரின் பெயர் 2007-ஆம் ஆண்டு வரை பத்தாங் பெர்சுந்தை.

இந்த ஓர் உதாரணத்திலேயே பெயரால் வரும் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. பிறப்புப் பத்திரத்தில் பத்தாங் பெர்சுந்தை என்றும், இன்றைய கடித முகவரியில் பெஸ்தாரி ஜெயா என்றும் இருக்கும். தென்னமரம், தென்னைமரம், தென்ன மரம் என்று மூவர் மூன்று விதமாக எழுதுவர். நமக்கு அவை ஒன்றே. கணினிக்கு ஓர் இடைவெளி மாறினாலும் அது வேறு பெயர். மேலும், நாம் இரண்டாங்கட்டை என்றும் பழைய லயம் என்றும் வழங்கும் பெயர்கள் எந்த ஆவணத்திலும் இல்லாதிருக்கலாம்.

இதற்குப் பரிகாரம் இரண்டு. முதலாவது, ஒவ்வோர் இடத்துக்கும் மாறாத ஓர் எண்ணைக் கொடுத்துவிடுவது. பள்ளிகளுக்குக் கல்வியமைச்சு தந்துள்ள குறியீட்டையே பயன்படுத்தலாம். பின்னால் மாணவர் எண்ணிக்கை போன்ற வேறொரு பட்டியலை இணைக்க நேர்ந்தால், பெயரைக்கொண்டு இணைக்காமல் அந்தக் குறியீட்டைக்கொண்டு இணைத்தால் பிழை நேராது. இரண்டாவது, பழைய பெயர், புதிய பெயர், மக்கள் வழங்கும் பெயர் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் வைப்பது. ஒன்றை எழுதுவதற்காக மற்றொன்றை அழிக்க வேண்டியதில்லை.

ஏற்றும் முறை

பட்டியல் தயாரானதும் அதனைக் கணினியின் அட்டவணைச் செயலியில் தட்டெழுதி, சி.எஸ்.வி. என்னும் வகைக் கோப்பாகச் சேமிக்க வேண்டும். பத்திக்கும் பத்திக்கும் இடையே காற்புள்ளி இடப்பட்ட எளிய கோப்பு இது. சேமிக்கும்போது எழுத்துமுறை யூ.டி.எஃப். 8 என்று தேர்ந்தெடுக்கத் தவறலாகாது. தவறினால் தமிழ்ப் பெயர்கள் யாவும் புரியாத குறிகளாகத் தோன்றும். குறிப்புப் பத்தியில் காற்புள்ளி வந்தால் அவ்வாசகம் முழுவதும் இரட்டை மேற்கோள் குறிக்குள் இருக்க வேண்டும். இல்லையேல் ஒரு பத்தி இரண்டாகப் பிளந்து, பின்னுள்ளவை யாவும் இடம் பெயரும்.

பிறகு கியூ.ஜி.ஐ.எஸ். மென்பொருளைத் திறந்து, அடியில் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பை விரித்துக்கொள்ள வேண்டும். மேலே உள்ள லேயர் என்னும் பட்டியலில், ஆட் லேயர் என்பதன் கீழ், டிலிமிட்டட் டெக்ஸ்ட் என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே திறக்கும் கட்டத்தில் நம் கோப்பைக் காட்டி, எழுத்துமுறை யூ.டி.எஃப். 8 என்றும், எக்ஸ் என்ற இடத்தில் தீர்க்கரேகைப் பத்தி என்றும், ஒய் என்ற இடத்தில் அட்சரேகைப் பத்தி என்றும், அளவைமுறை 4326 என்றும் குறிப்பிட வேண்டும். கீழே மாதிரிக்காகச் சில வரிகள் தோன்றும். அவற்றில் தமிழ் சரியாகத் தெரிகிறதா, பத்திகள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்து ஒப்புதல் அளித்தால் நம் புள்ளிகள் படத்தின்மேல் வந்து அமரும்.

நூறு வரிகளையும் ஒரே முறையில் ஏற்றாமல் முதலில் ஐந்து வரிகளை மட்டும் ஏற்றிப் பார்ப்பது அறிவுடைமை. படத்தில் காணும் தோற்றத்தைக் கொண்டே பிழையின் காரணத்தைச் சொல்லிவிடலாம். புள்ளிகள் உலகப்படத்துக்கு வெளியே போயிருந்தால் எக்ஸ், ஒய் மாறியிருக்கிறது. ஆப்பிரிக்காவை அடுத்த கினி வளைகுடாவில் விழுந்திருந்தால் எண் இல்லாத கட்டத்தில் யாரோ பூச்சியம் இட்டிருக்கிறார்கள். எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்திருந்தால் அளவைமுறை பிழை. ஒரு புள்ளி மட்டும் விலகியிருந்தால் தட்டெழுதும்போது ஓர் இலக்கம் தவறியிருக்கிறது.

பழைய தோட்டப்படம் கிடைத்தால்

சில இடங்களில் பழைய தோட்டப்படம் ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். நடவு ஆண்டும் நிரையும் வாய்க்காலும் குறித்த அப்படம் கிடைத்தற்கரிய செல்வம். உரியவரின் அனுமதியோடு அதனைப் பிரதியெடுத்து, மென்பொருளில் ஜியோரெஃபரன்சர் என்னும் பகுதியின் துணைகொண்டு இன்றைய படத்தின்மேல் பொருத்தலாம். அன்றும் இன்றும் மாறாத இடங்களை, அதாவது பாலம், சாலைச் சந்தி, கோயில் மூலை போன்றவற்றை இரண்டிலும் குறித்துக் காட்ட வேண்டும். மூன்று இடங்களைக் குறித்தாலே எளிய பொருத்தம் கிடைத்துவிடும். ஆனால், மூன்றில் ஒன்று பிழையாக இருந்தாலும் படம் பொருந்தியதுபோலவே தோன்றும். நான்காவது இடமே அந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்கும். ஆகையால், நான்குக்குக் குறையாமல், படத்தின் நான்கு மூலைகளையும் தழுவுமாறு இடங்களைத் தேர்ந்தெடுப்பது நலம்.

அத்தகைய படங்களில் தொலைவு சங்கிலிக் கணக்கில் இருக்கலாம். ஒரு சங்கிலி என்பது 66 அடி, மீட்டரில் 20.1168. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். இக்கணக்கை அறிந்திருந்தால் இடுகாட்டுக்கு அக்காலத்தில் ஒதுக்கிய நிலம் எவ்வளவு என்பதை நாமே அளந்து சொல்லலாம்.

எதை ஏற்றலாகாது?

விவரம் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் ஏற்றிவிடுதல் கூடாது. எந்த வீட்டில் யார் இருக்கிறார், யாருக்கு என்ன நோய், மைகார்டு எண் என்ன என்பவை பொதுப்படத்துக்கு உரியவையல்ல. தனிநபர் விவரங்களைக் காக்க 2010-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. முதியோர் தனித்து வாழும் வீடுகளைக் குறித்த பட்டியல் வெள்ள காலத்தில் உதவும் என்பது உண்மையே. ஆயினும், அது பொறுப்பானவர்களின் கையில் மட்டும் இருக்க வேண்டும். வேறொருவர் உரிமையுள்ள படத்திலிருந்து நகலெடுத்து ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் சேர்ப்பதும் கூடாது. நாமே நேரில் கண்டதையே அங்கே சேர்க்க வேண்டும். அங்கே தமிழ்ப் பெயருக்கெனத் தனிக் கட்டம் இருக்கிறது என்பதும் அறியத்தக்கது.

மற்றொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கோயிலையோ இடுகாட்டையோ படத்தில் குறித்துவிட்டதால் அந்நிலம் நமக்கு உரிமையாகிவிடாது. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி நில உரிமை என்பது பதிவினால் வருவது. நம் படம் அப்பதிவுக்கு ஈடாகாது. எனினும், நிலம் கைமாறும் நேரத்தில், அல்லது புதிய சாலைக்கும் வீடமைப்புக்கும் திட்டம் தீட்டப்படும் நேரத்தில், இங்கே ஓர் இடுகாடு இருக்கிறது, இதன் நான்கு மூலைகளும் இவை, இன்ன நாளில் இன்னார் பார்த்தனர் என்று மாவட்ட நில அலுவலகத்தில் எடுத்து வைக்க நம்மிடம் துல்லியமான குறிப்பு இருக்கும். கட்டுமான வேலை தொடங்கிய பின்னர் பதைத்து ஓடுவதைவிட, முன்னரே எண்ணோடும் படத்தோடும் கடிதம் எழுதுவது பயன் தரும் அல்லவா?

ஆபத்து வேளையிலும் இதன் பயன் பெரிது. 2010-ஆம் ஆண்டு ஜனவரியில் ஹைத்தி நாட்டைப் பூகம்பம் தாக்கியபோது, தலைநகரின் தெருக்களைக் காட்டும் நல்ல பொதுப்படம் இல்லை. உலகெங்கும் உள்ள தொண்டர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சில நாள்களிலேயே தெருக்களை வரைந்து ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் சேர்த்தனர். மீட்புக் குழுவினர் அதனைத் தம் கருவிகளில் ஏற்றிக்கொண்டு சென்றனர். நம் தோட்டத்தில் நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து 999-க்கு அழைக்கும்போதும் தேவை இதுவே. மண்சாலை எங்கே பிரிகிறது, எந்தப் பாலம் கனரக வண்டியைத் தாங்கும், லயத்தின் வாசல் எந்தப் பக்கம் என்பவை படத்தில் இருந்தால் அவசர வண்டி செம்பனைக் காட்டுக்குள் சுற்றித் திரிய நேராது.

தொடங்க வேண்டியவர் யார்?

தமிழ்ப்பள்ளியின் ஆசிரியர், ஆலய நிர்வாகக் குழுவினர், இளைஞர் மன்றத்தினர் ஆகிய மூன்று தரப்பினரும் சேர்ந்தால் ஒரு தோட்டத்துக்கு ஒரு பள்ளி விடுமுறையே போதுமானது. பெரியவர் ஒருவர் முன்னே நடந்து இடத்தைக் காட்டட்டும். மாணவர் ஒருவர் எண்ணைப் படிக்கட்டும். மற்றொருவர் எழுதட்டும். எழுதியதை முதலாமவர் மீண்டும் உரக்கப் படித்துச் சரிபார்க்கட்டும். மூலப் பட்டியலைத் திருத்தாமல் ஒரு பிரதியைத் தனியே வைத்து, வேலைகளை மற்றொரு பிரதியில் செய்து வர வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதே இடங்களுக்கு மீண்டும் சென்று, உள்ளது, மாறியது, இல்லாமற்போனது என்று குறிக்க வேண்டும். இல்லாமற்போன இடத்தின் வரியை அழித்துவிடாமல், எந்த ஆண்டில் போயிற்று என்று எழுதி வைத்தால் அதுவே பிற்காலத்துக்கு வரலாறாகும்.

முதல் வரியாக இடுகாட்டை எடுத்துக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். லயம் இடிந்தால் குடும்பங்கள் வேறிடம் சென்று வாழ்வர். கோயிலையும் வேறிடத்தில் எழுப்ப முடியும். இடுகாட்டில் உறங்குபவர்களோ தம் இடத்தைத் தாமே எடுத்துச் சொல்ல இயலாதவர்கள். அவர்களுக்காக இரண்டு எண்களை எடுத்து எழுதி வைப்பதற்கு ஒரு காலைப்பொழுதே போதும்.